வசதிக் குழுவின் மர மடி

கழுத்து வலித்தது எனக்கல்ல, வேதியியல் துறையில் படித்த யாரோ ஒரு மாணவிக்கு. நூலகத்து பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதினால் கழுத்து வலிக்கிறது, பெஞ்சை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் ஒரு மனு எழுதிப் போட்டாள். பெஞ்சை மாற்றுவதென்றால் கட்டடப் பிரிவுக்கும் தளவாடப் பிரிவுக்கும் நடுவே இருக்கும் பழைய தகராறை முதலில் தீர்க்க வேண்டும். அது ஆகிற காரியமா? எங்கள் கல்லூரி நிர்வாகம் நன்றாக யோசித்து, கோளாறு பெஞ்சில் இல்லை, லேப்டாப்பில் இருக்கிறது என்று முடிவு செய்தது. மனு கொடுத்தவள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். பெஞ்ச் அங்கேயே இருக்கிறது. நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். இந்த ஆண்டு முதல் இறுதியாண்டு ஆய்வறிக்கைகள், 'மாணவர் கணினி வசதிக் குழு' பார்வையிட்டு, அன்றாட மாணவப் பயன்பாட்டுக்கு வசதியானது என்று சான்று வழங்கிய கணினியில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே ஏற்கப்படும். கடைசி நாள் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. தவறினால் அடுத்த ஆண்டு மறுபடி சேரலாம். கணினி வசதியைப் பற்றிய அந்தச் சுற்றறிக்கை கையால் எழுதப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு மறுபடி சேருவது என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அப்பா ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். பத்தொன்பது வருடங்களாகத் தற்காலிகப் பணியாளர். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல் உண்டு, மேலே ஒரு மின்விசிறி உண்டு, அது சுற்றி நாளாகிறது. யாருக்கு வேலை கிடைத்தாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி "நிரந்தரமா?" என்பதுதான். அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை கிடைத்தபோதும் வாழ்த்துவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டார். லிஃப்டில் ஏறும் டாக்டர்கள், நர்ஸ்கள், காலில் கட்டுப் போட்டவர்கள் என்று ஒருவர் விடாமல், "சின்னவ இந்த வருஷம் முடிச்சிடுவா" என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் மாடிக்குப் போகிற நோயாளிக்கு என் படிப்பைப் பற்றி என்ன கவலை இருக்க முடியும்? ஆனால் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. இனி முடித்தே ஆக வேண்டும்.

என் லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்க ஆன நேரம் கால் மணி. எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற அண்ணன்தான் தேர்ந்தெடுத்தார். அவர் என்னிடம் மூன்றே கேள்வி கேட்டார்.

"என்ன பண்ணப் போறே?"

"எழுதணும், படிக்கணும். அவ்வளவுதான் அண்ணே."

"எங்க உக்காந்து?"

"கட்டில்ல. இல்லேன்னா பஸ்ல."

"வீட்ல வேற யாரு தொடுவா?"

"அக்கா. ஆனா அவ தொட மாட்டா, எட்டிப் பார்ப்பா."

அண்ணன் அலமாரியிலிருந்து யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஒன்றை எடுத்தார். விசைகள் பழைய செருப்பு மாதிரி பழகியிருந்தன. திரை கண்ணைக் குத்தவில்லை. காலையில் சார்ஜ் போட்டால் மூன்று வகுப்பு தாங்கும். அதில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தார். "இது உன்னை நடுவுல நடுவுல கூப்பிட்டு எதையும் கேக்காது. நீ உண்டு, உன் வேலை உண்டு" என்றார். அப்படித்தான் இருந்தது. மூன்று வருடம் அது என்னிடம் ஒரு வார்த்தை அநாவசியமாகப் பேசவில்லை. அக்காவை நினைத்து நான் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். எந்தத் தாளை அடித்தாலும் அதன் அடியில் 'இன்னும் முடியல, அக்கா எட்டிப் பார்க்காதே' என்று தானாக விழும்படி வைத்திருந்தேன்.

இந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை வசதிக் குழுவின் அறைக்குப் போனேன்.

பழைய புவியியல் ஆய்வுக்கூடம் அது. சுவரில் வெளுத்துப்போன வரைபடங்கள். அதன் கீழ் நீளமான மேசை. மேசையின் நடுவில் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற புவியியல் பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அறையை விட்டுப் போக மனம் வராததால் அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். வலப்பக்கம் செயலர், கையில் ஒரு கட்டு விதிகள். இடப்பக்கம் எழுத்தர் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கணினி, மேலே துணி போர்த்தி இருந்தது. துணிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது.

"அது குழுவோட கம்ப்யூட்டர்" என்றார் எழுத்தர் அம்மா, நான் பார்ப்பதைக் கவனித்து. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏதோ அப்டேட் ஆகுதுன்னு காட்டுச்சு. முப்பது சதவீதத்துல நிக்குது. அணைக்க வேண்டாம்னு போட்டிருக்கு."

"இன்னுமா அணைக்கல?"

செயலர் குறுக்கிட்டார். "எழுத்துமூலமா வந்திருக்கும்மா, அணைக்க வேண்டாம்னு. எதிர்த்து ஆணை வராம நான் எப்படி அணைக்கிறது? நாளைக்கு யாராவது கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

நான் வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

படிவம் கொடுத்தார்கள். அறுபத்து நான்கு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி கடவுச்சொல். அதைப் பெரிய எழுத்தில் மூன்று பிரதியில் எழுதச் சொன்னார்கள், பாதுகாப்புக்காக. இருபத்து இரண்டாவது கேள்வி, இக்கணினியைத் திறக்கும்போது தங்கள் மனநிலை. மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, பிற. நான் 'பிற' என்பதில் குறியிட்டு, பக்கத்தில் 'தூக்கம்' என்று எழுதினேன். செயலர் அதைப் படித்துவிட்டு விதிகளைப் புரட்டினார். தூக்கத்துக்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டும் என்றார். நான் அடித்துவிட்டு 'மகிழ்ச்சி' என்று எழுதினேன். அடித்ததற்குச் சிறுகையொப்பம் வாங்கினார்கள்.

"ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கின ரசீது?" என்றார் செயலர்.

"அது இலவசம் சார். ரசீது கிடையாது."

"ரசீது இல்லாத பொருள் உன்கிட்ட இருக்குன்னு எப்படிச் சொல்ற?"

"இதோ, ஓடிக்கிட்டிருக்கே சார்."

"ஓடறது ஆதாரம் ஆகாதும்மா. இலவசமா குடுத்தோம்னு குடுத்தவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

"அதை ஒருத்தர் செய்யல சார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செஞ்சது."

செயலர் கொஞ்ச நேரம் யோசித்தார். மனிதர் இரக்கமில்லாதவர் அல்ல.

"சரி, தனித்தனியா வேண்டாம். எல்லாருமா சேர்ந்து ஒரே கடிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்."

தலைவர்தான் காப்பாற்றினார். "அதை நிலுவையில வைங்க. முதல்ல மடிச் சோதனை நடக்கட்டும்" என்றார். எழுத்தர் அம்மா அலமாரியைத் திறந்து, இரண்டு கைகளாலும் அணைத்து, ஒரு மர மடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை, உட்கார்ந்த நிலையில் ஒரு மனிதனின் இரண்டு தொடைகள். தச்சரிடம் கொடுத்துச் செய்தது. நன்றாக வழவழவென்று இழைத்து, மெழுகும் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் 'தர மடி' என்று பித்தளைத் தகடு.

"யாரோட அளவு சார் இது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"என்னுடையது" என்றார் தலைவர், சற்றே வெட்கத்துடன். "உறுப்பினர் எல்லாருடைய சராசரியையும் எடுக்கணும்னுதான் நினைச்சோம். செயலர் அளவு குடுக்க மறுத்துட்டார்."

"அது என் சொந்த விஷயம்" என்றார் செயலர்.

தலைவர் தொண்டையைச் செருமினார். பேசப் போகிறார் என்று தெரிந்தது. எழுத்தர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாரும்மா, நாற்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். மாணவர்களுக்கு எது வசதின்னு மாணவர்களைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஒருத்தன் கனமில்லாம வேணும்பான், ஒருத்தி விசை மெத்துன்னு இருக்கணும்பா. இதுக்கு முடிவே இல்ல. அதனாலதான் மாணவர்களைக் கேக்கறதில்லைன்னு முதல் கூட்டத்திலயே தீர்மானம் போட்டோம். இந்த மடி பதினாலு வேலை நாள் உன் கணினியைத் தாங்கும். மடிக்கு ஒண்ணும் ஆகலேன்னா உனக்கும் ஒண்ணும் ஆகாது."

"பதினாலு நாளா? சார், எழுதி முடிச்ச அறிக்கை அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு நகல் மட்டும் எடுத்துக்கிறேனே?"

"சோதனையில இருக்கிற பொருளைத் தொடக் கூடாது" என்றார் செயலர். விதி எண்ணையும் சொன்னார்.

என் லேப்டாப்பைத் தலைவரின் மர மடியில் உட்கார வைத்தார்கள். நான் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் ஆய்வின் தலைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். 'பொது இடங்களில் காத்திருப்போர் உட்காரும் முறைகள்'. எட்டு மாதம் பேருந்து நிலையங்களிலும் அலுவலகங்களிலும் அலைந்து குறிப்பெடுத்தது. இந்தக் குழுவின் வாசலை முன்பே பார்த்திருந்தால் எட்டு மாதத்தை எட்டு நாளில் முடித்திருப்பேன். வாசலில் இருந்த ஒற்றை நாற்காலியில் தினமும் போய் உட்கார்ந்தேன். கதவு திறக்கும், எழுத்தர் அம்மா "இன்னும் இல்லம்மா" என்பார், கதவு மூடும். சாயங்காலம் அப்பா "குடுத்தாங்களா?" என்பார். "இல்லப்பா." "எந்த மாடியில இருக்கு அந்த ஆபீஸு?" "தரைத் தளம்தான்பா." தரைத் தளத்தில் இருக்கிற ஒன்று இவ்வளவு நாள் இறங்கி வராமல் இருப்பது அவருக்குப் புரியவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு மாற்றம் வந்தது. கையெழுத்தில் வந்துகொண்டிருந்த சுற்றறிக்கைகள் அழகாக அச்சடித்து வர ஆரம்பித்தன. நூலக நேர மாற்றம், தேர்வு அறை ஒதுக்கீடு, குடிநீர் வராது என்ற அறிவிப்பு. மற்ற பிரிவுகளும் தங்கள் கடிதங்களை வசதிக் குழுவிடம் கொடுத்து அடித்து வாங்குகின்றன என்று கேள்விப்பட்டேன். பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும், தலைவரின் கையொப்பத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது: 'இன்னும் முடியல, அக்கா எட்டிப் பார்க்காதே'.

பக்கத்தில் நின்ற ஒரு முதலாண்டு மாணவி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். "நம்ம கல்லூரியோட குறிக்கோளாம் அக்கா. நேர்காணல்ல கேப்பாங்களாம்" என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஒற்றை நாற்காலியில் அதையெல்லாம் எப்போதோ தொலைத்திருந்தேன். அலுப்பு மட்டும் இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை காலை குழுவின் ஆணை என் கைக்கு வந்தது. 'மேற்படி கணினி வசதியானது எனச் சான்றளிக்க இயலாது.' அதன் அடியிலும் அக்காவிடம் எட்டிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தார்கள். ஆணையை எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் போனேன். இந்த முறை கதவைத் தட்டவில்லை.

தர மடி ஓரமாக இருந்தது, அதன் மேல் யாரோ குடையை வைத்திருந்தார்கள். லேப்டாப் மேசையின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, எழுத்தர் அம்மாவின் முன்னால் இருந்தது. அடியில் மடித்த துண்டு ஒன்றை மெத்தை மாதிரி போட்டிருந்தார்கள்.

"வா வா, நல்ல நேரத்துல வந்தே" என்றார் தலைவர். சங்கடம் என்பதே அவர் முகத்தில் இல்லை.

"சார், வசதியில்லேன்னு ஆணை போட்டிருக்கீங்க. ஆனா அந்த ஆணையை இதுலதானே அடிச்சிருக்கீங்க?"

"பின்னே? வேற எதுல அடிக்கிறது?" அவர் மூலையில் துணி போர்த்திய கணினியைக் காட்டினார். "ஒயரைச் சொருகினோம், பிரின்டரைத் தானாவே கண்டுபிடிச்சிடுச்சும்மா! கண்ணுக்கும் இதமா இருக்கு. நான்கூட என் பேத்திக்கு இதுலதான் கடிதம் எழுதறேன். இந்த மாதிரி ஒரு வசதியான கணினியை இதுவரைக்கும் இந்தக் குழு பார்த்ததில்ல."

"அப்ப ஏன் சார் சான்று இல்லேங்கறீங்க?"

செயலர் விதியை எடுத்தார். "பதினாலு நாள் மடியில இருந்திருக்கணும். ஒரு நாள்தான் இருந்துச்சு. ரெண்டாம் நாளே குழுவோட வேலைக்கு எடுத்துட்டோம். சோதனை முழுமை அடையல. முழுமை அடையாத சோதனைக்கு எப்படிம்மா சான்று குடுக்கிறது? நியாயமா சொல்லு."

"மடியிலிருந்து எடுத்தது நீங்கதானே சார்?"

"எடுத்தது யாருங்கிறதுக்குப் படிவத்துல இடம் இல்ல."

தலைவர் குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு சொன்னார். "இன்னொண்ணும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. மாணவர்களுக்கு இவ்வளவு வசதி ஆகாதும்மா. பழகிடுவாங்க. அப்புறம் பெஞ்சைக் கேப்பாங்க."

நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு. ஐந்து மணிக்குள் அறிக்கை போகாவிட்டால் மருத்துவமனையின் ஏழு மாடிக்கும் அப்பா பதில் சொல்ல வேண்டும். அழுகை தொண்டை வரைக்கும் வந்து, அதற்கும் அலுத்துப்போய், திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் எழுத்தர் அம்மா சொன்னார். "பாப்பா, அதுக்காகத்தான் உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தோம். காலையிலேர்ந்து ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கு. நானும் என்னென்னவோ போட்டுப் பார்த்துட்டேன்."

திரை கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"படிவத்துல எழுதிக் குடுத்தேனேம்மா? மூணு பிரதி."

"முதல் நாள் அதைப் பார்த்துத் திறந்தது, நேத்து ராத்திரி வரைக்கும் அணைக்கவே இல்ல. இப்ப மூணும் தணிக்கைக்குப் போயிருக்கு. இன்னைக்குள்ள பதினோரு சுற்றறிக்கை போகணும்."

நான் எழுத்தர் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் கழித்து அந்த விசைகளில் விரல் வைக்கிறேன். கடவுச்சொல்லை அடித்தேன். திறந்துகொண்டது. என் அறிக்கை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, பக்கத்தில் நாற்பது சுற்றறிக்கைகள். யாரையும் கேட்கவில்லை. அச்சிடு என்று கொடுத்தேன். பிரின்டர் முனகிக்கொண்டே தாளைத் தள்ள ஆரம்பித்தது.

அந்த அறையில் பிரின்டரிலிருந்து வரும் தாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தாள் வரும், எழுத்தர் அம்மா முத்திரை குத்துவார், செயலரிடம் தள்ளுவார், அவர் தேதி போடுவார், தலைவரிடம் தள்ளுவார், அவர் கையெழுத்துப் போடுவார். யாரும் படிப்பதில்லை. படிப்பதற்கு விதி இல்லை. முதல் தாள் வந்தது. எழுத்தர் அம்மாவின் கை தானாக எழுந்து முத்திரை குத்தியது. தாள் நகர்ந்தது. அடுத்தது வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நாற்பதாவது தாள் வாக்கில் தலைவருக்குக் கை வலித்தது. "என்னம்மா இது, இவ்வளவு நீளமா போகுது?"

"அறிக்கை சார்."

"ஆண்டறிக்கையா?"

"ஒரு வருஷ வேலை சார்."

அவர் குவிந்திருந்த தாள்களைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாருங்க செயலரே, நாம ஒரு வேலையும் செய்யலேன்னு வெளியில பேசறானுங்க. எவ்வளவு செஞ்சிருக்கோம்!" என்று சொல்லிவிட்டு மீதி ஐம்பத்து மூன்று தாளிலும் உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டார். நான் கட்டி எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு என் வழிகாட்டிப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் தலைப்பைப் பார்க்கவில்லை. விரல் நுனியால் ஓரங்களை மட்டும் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, தேதி, தலைவரின் கையொப்பம்.

"சான்று?" என்றார்.

"பக்கத்துக்கு ஒண்ணு இருக்கு சார்."

"பிரமாதம். இருபது வருஷத்துல இப்படி ஒரு ஒழுங்கான அறிக்கை நான் பார்த்ததில்ல. அடியில குறிக்கோளைக்கூட விடாம போட்டிருக்கே." ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாத அலைச்சலில் ஒரு வரியையும் யாரும் படிக்காமலே நான் தேறிவிட்டேன்.

லேப்டாப்பை வாங்கிக்கொள்ள மறுபடி குழுவின் அறைக்குப் போனேன். சான்றுதான் இல்லையே, பொருளையாவது கொடுங்கள் என்றேன். செயலர் நீளமான பதிவேடு ஒன்றை என் பக்கம் திருப்பி, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"மத்தியானம் இருப்புப் பதிவேட்டுல ஏத்திட்டோம்மா. பிரின்டருக்கு மை வாங்கணும்னா எந்தக் கணினிக்குன்னு கேக்கறாங்க. அதனால ஒரு எண் குடுத்துட்டோம். ஏத்தினதை இறக்கணும்னா தனியா ஆணை வேணும்."

"யார்கிட்ட சார் கேக்கணும்?"

"எங்ககிட்டதான். ஆனா சான்று பெற்ற கணினியில அடிச்ச மனுவா இருக்கணும்."

எழுத்தர் அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான் நல்லா பார்த்துக்கிறேன் பாப்பா" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா என் கையிலிருந்த ஏற்புச் சீட்டைப் பிடுங்கிப் படிக்கப் போய்விட்டாள். அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்றேன். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பிறகு என் பையைப் பார்த்தார். இன்னும் காலியாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னைக்கும் குடுக்கலையா?"

"இல்லப்பா. அது அங்கயே வேலைக்குச் சேர்ந்துடுச்சு."

அப்பா சிரிக்கவில்லை.

"நிரந்தரமா?"

"பதிவேட்டுல ஏத்தி எண்ணே குடுத்துட்டாங்கப்பா."

"போய் எத்தனை நாளாச்சு?"

"இருபத்து மூணு."

அப்பா அப்போதுதான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு அக்கறையாகக் கேட்டார்.

"உக்கார வச்சிருக்கிற இடத்துல ஃபேன் இருக்கா?"

"நேர் மேல இருக்குப்பா. நல்லா சுத்துது."

"அப்ப அது வராது" என்றார் அப்பா.